பிரவுசர் அப்டேட் ஆனதும் அரசு இணையதளம் மக்கர்... கோளாறு யாரிடம்? - ஒரு விரிவான அலசல்

மே மாதம் வந்தால் ஏற்காட்டில் இரண்டு கூட்டம். கோடைக்கும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் மலை ஏறி வருகிறவர்கள் ஒரு பக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று விண்ணப்பிக்க அலைகிற மாணவர்களும் பெற்றோரும் இன்னொரு பக்கம்.

இரண்டாவது கூட்டத்துக்குத்தான் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. ராத்திரி குரோம் அப்டேட் ஆகியிருக்கு. இப்ப சப்மிட் பட்டனை அமுக்கினா எதுவுமே நடக்கல" என்று கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் சொன்னால் எப்படி இருக்கும்? சேலத்திலோ சென்னையிலோ இருப்பவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம். நாகலூரிலிருந்தோ மஞ்சக்குட்டையிலிருந்தோ வந்தவர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டும். காபி எஸ்டேட்டில் ஒரு நாள் கூலியும் போச்சு.

இந்த மலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி. இவர்களுக்கான சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, வருவாய் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ஏற்கெனவே ஒரு படி கூடுதல். அதில் பிரவுசரும் சேர்ந்து மக்கர் பண்ணினால்?

கோளாறு யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "உங்க பிரவுசர் சரியில்லை" என்பார் ஹெல்ப்லைனில் பேசுபவர். "சர்வர் டவுன்" என்பார் மையத்தில் இருப்பவர். பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே முழு உண்மை இல்லை. பிரவுசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும், சர்வரும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் யாரோ எப்போதோ போட்ட ஒரு பாலம்தான் உடைந்திருக்கும்.

அப்டேட்டில் அப்படி என்னதான் மாறுகிறது?

ஒரு காலத்தில் பிரவுசரின் புதிய பதிப்பு என்பது தீபாவளி மாதிரி. எப்போதாவது வரும். 2021 செப்டம்பரில் குரோம் 94 வந்ததிலிருந்து 4 வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு என்ற வேகத்துக்கு மாறிவிட்டது. ஃபயர்பாக்ஸும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். அப்டேட் பின்னணியில் தானாக இறங்கும், பிரவுசரை மூடித் திறக்கும்போது புதியது வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் "நான் எதையுமே தொடலைங்க" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் தொடவில்லை, அது தானாக மாறியிருக்கிறது.

இந்த அப்டேட்களில் பெரும்பகுதி பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கானவை. "குரோம் பயன்படுத்துகிறீர்களா, உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அடிக்கடி எச்சரிக்கை விடுவது இதற்காகத்தான். ஆனால் ஓட்டையை அடைக்கும்போது, அந்த ஓட்டை வழியாகவே வேலை செய்துகொண்டிருந்த பழைய இணையதளங்களும் சேர்ந்து அடைபட்டுப் போகின்றன.

இந்தியாவில் இதற்குச் சரியான உதாரணம் டிஜிட்டல் கையெழுத்து.

2015: ஜாவாவை நம்பியவர்கள் நடுத்தெருவில்

அரசு டெண்டர் போடுபவர்கள், கம்பெனிக் கணக்குத் தாக்கல் செய்பவர்கள், ஆடிட்டர்கள், சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரிகள் என எல்லோரிடமும் பென் டிரைவ் மாதிரி ஒரு சின்ன டோக்கன் இருக்கும். அவர்களுடைய டிஜிட்டல் கையெழுத்தின் ரகசியச் சாவி அதற்குள்தான். பிரச்னை என்னவென்றால், இணையதளம் நேரடியாக அந்த டோக்கனைத் தொட பிரவுசர் விடாது. விடவும் கூடாது. விட்டால், போகிற வருகிற தளமெல்லாம் உங்கள் சாவியைத் தடவிப் பார்க்கும்.

அதற்குக் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் ஜாவா ஆப்லெட். பக்கத்தோடு சேர்ந்து இறங்கும் சின்ன நிரல் அது. 1995 வாக்கில் நெட்ஸ்கேப் காலத்தில் உருவான என்.பி.ஏ.பி.ஐ என்ற செருகு முறை வழியாக உள்ளே வந்து, டோக்கனோடு பேசும். வேலை நடந்தது. ஆனால் அதே வழியாக வைரஸும் வந்தது. 2013லேயே கூகுள் "இதை நிறுத்தப் போகிறோம்" என்று அறிவித்தது. 2015 ஏப்ரலில் குரோம் 42ல் அந்த வழி தானாகவே அணைக்கப்பட்டிருந்தது. அமைப்புகளுக்குள் போய் மறுபடி திறந்துகொள்ளலாம். 2015 செப்டம்பரில் குரோம் 45ல் அதுவும் போச்சு. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 52ம் ஃபிளாஷ் தவிர மற்ற செருகுகளைக் கைவிட்டது. ஜாவாவை வைத்திருக்கும் ஆரக்கிளே 2018ல் பிரவுசர் செருகை நீக்கிவிட்டது.

அதாவது முதல் அறிவிப்புக்கும் கதவடைப்புக்கும் நடுவே 2 வருட அவகாசம் இருந்தது. அப்படியும் பல தளங்கள் மாறவில்லை. "இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறக்கவும்", "ஃபயர்பாக்ஸின் பழைய பதிப்பை நிறுவவும்" என்ற குறிப்புகள்தான் முளைத்தன. சுமை முழுக்கப் பயன்படுத்துகிறவர் தலையில். பிறகு அந்த எக்ஸ்புளோரருக்கும் 2022 ஜூன் 15ல் மைக்ரோசாப்ட் விடை கொடுத்தது. எட்ஜ் பிரவுசருக்குள் ‘ஐ.இ மோட்’ என்ற பெயரில் அதன் ஆவி மட்டும் குறைந்தது 2029 வரை உலாவும்.

இப்போது என்ன வழி? கையெழுத்துப் போடும் சின்ன மென்பொருளைக் கணினியிலேயே நிறுவச் சொல்கிறார்கள். ஜி.எஸ்.டி தளத்துக்கு எம்சைனர், வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜ். இணையதளம் பிரவுசர் வழியாக இந்த மென்பொருளைக் கூப்பிடும், அது டோக்கனோடு பேசும். ஆப்லெட்டைவிட நல்ல ஏற்பாடு. ஆனால் இதுவும் ஒரு பாலம்தான்.

2025 அக்டோபர் கடைசியில் வந்த குரோம் 142 அந்தப் பாலத்தின் பக்கம் ஒரு காவலரை நிறுத்தியிருக்கிறது. வெளியிலிருக்கும் இணையதளம் உங்கள் கணினிக்குள்ளோ, வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டர், ரவுட்டர் போன்றவற்றுக்கோ இணைய முயன்றால், "இந்தத் தளம் உங்கள் லோக்கல் நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களோடு இணைய விரும்புகிறது, அனுமதிக்கலாமா?" என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். நல்ல விஷயம்தான். ஆனால் அவசரத்தில் "தடு" என்று அமுக்கிவிட்டால்? அடுத்த முறை பெட்டியே வராது, வேலையும் நடக்காது. எல்லா மென்பொருளுக்கும் இந்தப் பெட்டி வந்துவிடுவதில்லை. எந்த வழியில் இணைகிறது என்பதைப் பொறுத்தது. இருந்தாலும் அப்டேட்டுக்குப் பிறகு கையெழுத்து, ஸ்கேனர், கைரேகை இயந்திரம் என்று ஏதாவது இணைய மறுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னக் குறிதான். அதைத் தொட்டால் அந்தத் தளத்துக்கு எதெல்லாம் தடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

கொரியாவின் கோட்டுக் கதை

இந்தியா மட்டும்தான் இப்படியா என்று நினைக்க வேண்டாம். இணைய வேகத்தில் உலகுக்கே முன்னோடியான தென்கொரியா இதில் இன்னும் மோசமாக மாட்டியது. 1999ல் சொந்தமாக ஒரு குறியாக்க முறையை உருவாக்கி, வங்கிப் பரிவர்த்தனைகளில் புகுத்தினார்கள். அப்போதைய பிரவுசர்களில் அது இல்லாததால், எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ்-எக்ஸ் செருகை மக்கள் நிறுவ வேண்டியதாயிற்று. விளைவு, நாடே ஒரே பிரவுசருக்குள் சிக்கியது. 2014ல் ‘மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்’ சீரியல் சீனாவில் பட்டையைக் கிளப்பியது. கதாநாயகி போட்ட கோட்டை வாங்க கொரியத் தளங்களுக்கு வந்த சீன ரசிகர்களால் இந்தச் செருகு, சான்றிதழ் தொல்லையில் பணமே கட்ட முடியவில்லை. அப்போதைய அதிபர் பார்க் கியூன்-ஹே வரை அது பேசுபொருளானது. அரசு அங்கீகாரச் சான்றிதழுக்கு இருந்த தனி அந்தஸ்து நீங்க 2020 டிசம்பர் ஆனது. ஒரு குறுக்கு வழியை அவிழ்க்க 20 வருடங்களுக்கு மேல்!

சான்றிதழில் ஏன் அந்தக் கேள்விக்குறி?

விண்ணப்பம் போய், சான்றிதழும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பி.டி.எஃப்பைத் திறந்தால் அதிகாரியின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி. "இது செல்லாதோ?" என்று பதறுபவர்கள் ஏராளம்.

செல்லும். இந்தியாவில் டிஜிட்டல் கையெழுத்துகளுக்கெல்லாம் தாய்வேர் ஒன்று உண்டு. சி.சி.ஏ எனப்படும் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழ் அது. அடோப் ரீடருக்கு அந்த வேரைத் தானாகத் தெரியாது. அதனால் "இவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை" என்று கேள்விக்குறி போடுகிறது. குரோமில் பி.டி.எஃப்பைத் திறந்தால் அது கையெழுத்தைச் சரிபார்க்கும் வேலையையே எடுத்துக்கொள்வதில்லை. சந்தேகம் இருந்தால் சான்றிதழில் உள்ள எண்ணை அரசின் சரிபார்ப்புப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பதே நேர்வழி.

சரி, நம் நாட்டு வேரை உலக பிரவுசர்கள் ஏன் முழுதாக ஏற்கவில்லை? அதில் ஒரு பழைய கசப்பு இருக்கிறது. 2014 ஜூலை 2ம் தேதி, தேசியத் தகவல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுளின் முகவரிகளுக்கே அனுமதியில்லாத சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. அந்தச் சான்றிதழை வைத்திருப்பவர் கூகுள் மாதிரியே வேடம் போட முடியும். விண்டோஸ் அந்த வேரை ஏற்றிருந்ததால் எக்ஸ்புளோரர் ஏமாந்திருக்கும். தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் தப்பியது. சி.சி.ஏ அடுத்த நாளே சம்பந்தப்பட்ட சான்றிதழ்களை ரத்து செய்தது. ஆனாலும் கூகுள், இந்திய வேரை நம்புவதை ஜி.ஓ.வி டாட் இன், என்.ஐ.சி டாட் இன் போன்ற சில முகவரிகளோடு சுருக்கிக்கொண்டது. அதுவும் ஒரு குரோம் அப்டேட்டாகத்தான் வந்தது.

பழைய வெர்ஷனுக்கே போயிட்டா என்ன?

அப்டேட்டில் அடிபட்டவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். கடைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ பழைய குரோமை இறக்கி, ஆட்டோ அப்டேட்டையும் அணைத்துக் கொடுத்துவிடுவார். அன்றைக்கு வேலை முடியும். ஆனால் அந்தக் கணினியில்தான் பலருடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி எல்லாம் தினமும் புழங்கப் போகிறது.

அப்டேட் செய்யாமலே இருந்தாலும் நிம்மதி கிடையாது. 2025 மார்ச் 14ல் ஃபயர்பாக்ஸின் பழைய பதிப்புகளில் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. 128க்கு முந்தைய பதிப்பில், அல்லது நீண்டகாலப் பதிப்பான 115ல் 115.13க்கு முந்தையதில் இருப்பவர்களின் எக்ஸ்டென்ஷன்கள் முடங்கலாம் என்று மொசில்லா முன்கூட்டியே எச்சரித்தது. பூட்டைப் பழையதாகவே வைத்திருந்தால் ஒருநாள் நம் சாவியே அதில் சுற்றாது.

ஃபயர்பாக்ஸ் 2019லிருந்து இன்னொன்றையும் செய்கிறது. புதிய பதிப்பில் திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க விடாது. புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. நிதானமான வேகம் வேண்டும் என்பவர்களுக்கு ஃபயர்பாக்ஸே இ.எஸ்.ஆர் என்ற நீண்டகாலப் பதிப்பைத் தருகிறது. பாதுகாப்பு அப்டேட் வரும், முகமும் கையும் மாறாது. அலுவலகங்களுக்கும் மையங்களுக்கும் இது நல்ல யோசனை. ஏனோ நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை.

கணினியே பழையது என்றால் கதை வேறு. விண்டோஸ் 7, 8.1க்கு குரோம் 109தான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110லிருந்து அவற்றுக்குக் கதவு மூடியாயிற்று. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்கள் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் புதிய பிரவுசர் ஓடும்.

அப்போ, மக்கர் பண்ணினா என்ன செய்யலாம்?

முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அதே தளத்தை இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் போதும். அங்கே எக்ஸ்டென்ஷன்களும் பழைய குக்கீகளும் தலையிடாது. அங்கே ஓடினால் தளத்தில் கோளாறு இல்லை, உங்கள் பிரவுசரில் சேர்ந்திருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். குறிப்பாக விளம்பரத் தடுப்பான்கள். பழைய ‘மேனிஃபெஸ்ட் 2’ முறையில் எழுதப்பட்டவற்றை குரோம் 2025ல் முழுதாகக் கைவிட்டது. யுபிளாக் ஆரிஜின் காணாமல் போனதும் அப்படித்தான். அதற்குப் பதிலாக அவசரத்தில் நிறுவிய ஏதாவது ஒன்று சப்மிட் பட்டனை முடக்கியிருக்கக்கூடும்.

இன்காக்னிட்டோவிலும் ஓடவில்லை, வேறு பிரவுசரில் ஓடுகிறது என்றால், தளம் புதிய பதிப்புக்குத் தயாராகவில்லை என்று பொருள். அந்த வேலையை மட்டும் அந்த வேறு பிரவுசரில் முடித்துக்கொள்ளுங்கள். எதிலுமே ஓடவில்லை என்றால்தான் ‘சர்வர் டவுன்’ என்ற பேச்சுக்கே இடம்.

பக்கம் கோணல்மாணலாகவோ பாதி பழையதாகவோ தெரிந்தால் அந்தத் தளத்தின் சேமிப்பை மட்டும் அழியுங்கள். "எல்லாத்தையும் கிளியர் பண்ணு" என்று யாராவது சொன்னால், பாஸ்வேர்டு பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அமுக்குங்கள். பிரவுசரே வெள்ளையாகவோ கறுப்பாகவோ நின்றால், அமைப்புகளில் ‘கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்’ என்பதை அணைத்துப் பார்க்கலாம். பழைய டிஸ்பிளே டிரைவரோடு புதிய பதிப்பு ஒத்துப்போகாத சிக்கல் அது.

"உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்ற சிவப்பு எச்சரிக்கை எல்லாத் தளங்களிலும் வந்தால், கணினியின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். சின்ன பட்டன் பேட்டரி ஒன்றை மாற்றினால் சரி. இதற்குப் போய் விண்டோஸையே மறுபடி போட்டவர்கள் உண்டு.

மலையில் பலரிடம் இருப்பது கைபேசிதான். அதிலும் இந்தத் தொல்லை வரும். 2021 மார்ச் 22, 23 தேதிகளில் உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. செயலிகளில் குற்றமில்லை. அவற்றுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்ற கண்ணுக்குத் தெரியாத பிரவுசரின் அப்டேட் சொதப்பியது. பிளே ஸ்டோரில் குரோமையும் வெப்வியூவையும் மறுபடி அப்டேட் செய்யச் சொல்லி கூகுள் சரிசெய்தது.

ஒரு எச்சரிக்கை. ஏதோ ஒரு பக்கத்தின் நடுவில் "உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, இங்கே அழுத்தி அப்டேட் செய்யவும்" என்று வந்தால் தொடவே வேண்டாம். பிரவுசர் அப்படி ஒரு இணையப் பக்கத்துக்குள் வந்து கேட்காது. போலி அப்டேட் காட்டி வைரஸ் இறக்கும் கும்பல்கள் பல வருடங்களாக இதைத் தொழிலாகவே செய்கின்றன. உண்மையான அப்டேட், பிரவுசர் மெனுவில் ‘உதவி’க்குள் ‘குரோம் பற்றி’ என்ற இடத்தில் மட்டும்தான்.

நம்ம ஊர் ‘உலா’ வந்தால் தீருமா?

இந்த வேர்ச் சான்றிதழ் பிரச்னையை மனதில் வைத்துத்தான் மத்திய அரசு 2023 ஆகஸ்டில் இந்திய பிரவுசர் உருவாக்கப் போட்டியை அறிவித்தது. மொத்தப் பரிசு 3.4 கோடி ரூபாய். சி.சி.ஏ வேர் உள்ளேயே இருக்க வேண்டும், டோக்கன் வைத்து ஆவணத்தில் கையெழுத்திடும் வசதி வேண்டும் என்பவை எதிர்பார்ப்புகளில் முக்கியமானவை. 2025 மார்ச்சில் முடிவு வந்தபோது முதல் பரிசான 1 கோடியை வென்றது தமிழ்நாட்டின் ஜோஹோ. அதன் ‘உலா’ பிரவுசர் 2023 மே மாதமே வெளியாகியிருந்தது.

பெருமைதான், சந்தேகமில்லை. கையெழுத்துச் சிக்கலில் ஒரு பாதி இதனால் தீர வழியிருக்கிறது. ஆனால் உலாவும் குரோமின் அடித்தளமான குரோமியம் மீதுதான் நிற்கிறது. அடித்தளத்தில் வரும் மாற்றங்கள் இங்கேயும் வந்து சேரும். இன்னொரு 2015 வந்தால், பழைய பாலத்தை நம்பிக் கட்டிய தளம் உலாவிலும் விழத்தான் செய்யும். குரோமும் ஃபயர்பாக்ஸும் அடுத்த பதிப்பைச் சில வாரங்கள் முன்பே பீட்டாவாக வெளியிடுகின்றன. அரசுத் தளத்தை நடத்துபவர்கள் அதில் ஒருமுறை சப்மிட் பட்டனை அமுக்கிப் பார்த்தாலே பாதிப் பஞ்சாயத்து மே மாதத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

கடைசித் தேதியில் சிக்கியவர்கள் ஒன்றைச் செய்யலாம். பிழைச் செய்தி, தேதி, நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து, எந்த பிரவுசர், எந்தப் பதிப்பு என்பதையும் குறித்து வையுங்கள். முதல்வரின் உதவி மையமான 1100ல் புகார் சொல்லும்போது "சைட் வேலை செய்யல" என்பதைவிட அது எடுபடும். பணம் கட்டிய பிறகு பக்கம் வெள்ளையாகிவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். முதலில் விண்ணப்பப் பட்டியலையும், கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியையும் பாருங்கள். ஒப்புகை எண் வந்திருந்தால் விண்ணப்பம் உள்ளே போயாச்சு. அந்த எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.